கத்திரி வெயிலும் எழுபதைக் கடந்த உடம்பும்

வேலூரைச் சுற்றியுள்ள மலைகளில் மரங்களைவிடப் பாறைகளே அதிகம். பகல் முழுவதும் அவை உள்வாங்கிய சூடு, பொழுது சாய்ந்த பிறகும் நெடுநேரம் ஊருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், சென்னையில் நண்பகலையொட்டி வீசத் தொடங்கும் கடற்காற்று எங்கள் ஊரை எட்டுவதற்குள் மாலையாகிவிடுகிறது. பல நாள்களில் அது வருவதே இல்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிறது. அக்கினி நட்சத்திரம் சித்திரை 21ஆம் தேதி வாக்கில் தொடங்கி வைகாசி நடுவில் முடிவதாகப் பஞ்சாங்கம் சொன்னாலும், இங்கே ஏப்ரல் மாதத்திலேயே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். மே மாதத்தில் 42, 43 என்று வேலூரின் பெயர் செய்திகளில் முன்வரிசையில் வரும்.

எனக்கு 71 வயது, என் கணவருக்கு 77. இருவரும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். கோடை விடுமுறையில்கூட விடைத்தாள் திருத்தும் முகாமுக்காக உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து போன காலம் எங்களுக்கு உண்டு. அதனால்தான் எங்கள் வயதொத்தவர்கள் "நாம் பார்க்காத வெயிலா" என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் இருக்கும் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெயில் ஏறக்குறைய அதே வெயிலாக இருந்தாலும், அதை எதிர்கொள்ளும் உடம்பு மாறிவிட்டது என்பதை இந்தச் சில கோடைகளில் நான் அருகிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதை என் வயதுக்காரர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதுமையில் முதலில் மங்குவது தாக உணர்வு. உடம்பில் நீர் குறைந்திருந்தாலும் நாக்கு வறண்டு "தண்ணீர் வேண்டும்" என்று கேட்பதில்லை. வியர்வைச் சுரப்பிகள் தாமதமாகவும் குறைவாகவும் சுரக்கின்றன. உடம்பின் உட்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியேற்ற வேண்டுமானால் இதயம் கூடுதலாக இரத்தத்தை இறைக்க வேண்டும்; வயதான இதயத்துக்கு அந்தக் கூடுதல் உழைப்பு எளிதன்று. நீர் குறைந்திருக்கும் வேளையில் சிறுநீரை அடர்த்தியாக்கி நீரை மிச்சப்படுத்தும் சிறுநீரகத்தின் திறமையும் குறைந்துபோகிறது. இவையெல்லாம் ஒன்றுசேரும்போது, வேண்டிய அளவு குடிக்காமலும், குடித்ததைத் தக்கவைக்காமலும், சூட்டை வெளியேற்றாமலும் இருக்கிற ஓர் உடம்பு, தனக்கு ஒன்றும் இல்லை என்றே நம்பிக்கொண்டிருக்கும். ஆகவே தாகம், களைப்பு, புழுக்கம் ஆகியவற்றை நம்பி நாளை நடத்த முடியாது. கடிகாரத்தைப் பார்த்து நடத்த வேண்டும்.

இது எனக்கு உறைத்தது என் கணவரின் உடல்நிலை ஒரு மே மாதத்தில் திடீரென்று மாறியபோது. இரண்டு மூன்று நாள்களாக அவர் சோர்ந்திருந்தார். வெயில் காலத்தில் யார்தான் சோர்வாக இல்லை என்று இருவருமே நினைத்துக்கொண்டோம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று மகள் தொலைபேசியில் சொல்லியிருந்ததால், அவர் செம்பு செம்பாகக் குடித்துக்கொண்டுதான் இருந்தார். சாப்பாடு இறங்கவில்லை; காலையில் இரண்டு இட்லி, இரவில் கொஞ்சம் கஞ்சி. மூன்றாம் நாள் மதியம் தூங்கி எழுந்தவர், "பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதே, மணி அடித்துவிட்டார்களா?" என்று கேட்டார். ஓய்வு பெற்று இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. முகத்தைப் பார்த்தேன், விளையாட்டாகக் கேட்கவில்லை. எழுந்து நின்றபோது தள்ளாடினார். பக்கத்து வீட்டுத் தம்பியின் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

காய்ச்சல் இல்லை, பக்கவாதம் இல்லை என்று உறுதிசெய்த பிறகு இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சோடியம் 135க்கும் 145க்கும் இடையில் இருக்க வேண்டியது, அவருக்கு 120க்கும் கீழே இறங்கியிருந்தது. நம் வீடுகளில் "உடம்பில் உப்பு குறைந்துவிட்டது" என்று சொல்வது இதைத்தான். அவர் இரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிட்டுவந்த மாத்திரையில் சிறுநீரைக் கூட்டும் மருந்தும் சேர்ந்திருந்தது. அது நீரோடு உப்பையும் வெளியேற்றும். அழுத்தம் இருப்பதால் உணவில் உப்பைக் குறைத்திருந்தோம். வியர்வையிலும் உப்புப் போனது. சாப்பாடு குறைந்து, வெறும் தண்ணீர் மட்டும் கூடியபோது, மிஞ்சியிருந்த உப்பும் நீர்த்துப்போயிற்று. சோடியத்தை ஒரேயடியாக ஏற்றினால் மூளைக்குக் கேடு என்பதால் மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். பேச்சு தெளிய இரண்டு நாள் ஆயிற்று. மாத்திரையையும் அவரே மாற்றிக் கொடுத்தார்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோடையில் முதியவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வரி பாதி உண்மையே. இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மருத்துவர் அளவு வைத்திருப்பார். அவர்கள் அதை மீறக் கூடாது. அப்படிக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு, கடும் வெயில் நாள்களில் மணிக்கு ஒரு குவளை வீதம், நாள் முழுவதற்குமாக இரண்டிலிருந்து மூன்று லிட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆனால் அந்த நீரோடு உணவும் உப்பும் உள்ளே போக வேண்டும். கோடை தொடங்குமுன், பங்குனி மாதத்திலேயே ஒரு முறை மருத்துவரிடம் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுபோய்க் காட்டி, வெயில் காலத்தில் எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு, எந்த மாத்திரையின் அளவை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்வதை இப்போது நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். சிறுநீரைக் கூட்டும் மருந்துகளைத் தவிர, இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்துகள், மனச்சோர்வுக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் சில பழைய மருந்துகள், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதிய மாத்திரைகள் ஆகியவையும் வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கக்கூடியவை. யாரும் தாமாக எதையும் நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். திடீரென்று நிறுத்துவது வெயிலைவிடப் பெரிய ஆபத்தாக முடியலாம்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு முதியவர்கள் வெளியே சொல்லாத ஒரு காரணம் இருக்கிறது. இரவில் நாலைந்து முறை எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்ற அச்சம் அது. ஆண்களுக்குப் புராஸ்டேட் தொல்லை, பெண்களுக்கு அடக்க முடியாமை, மூட்டுவலி, இருட்டில் விழுந்துவிடுவோமோ என்ற பயம். என் நாத்தனார் திருமண வீட்டுக்குப் புறப்படும் நாளில் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடமாட்டார். மண்டபத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற கவலைதான். இந்தக் கூச்சத்தைப் பிள்ளைகள் புரிந்துகொள்ளாமல் "ஏன் குடிக்கவில்லை" என்று அதட்டுவதால் பயனில்லை. நாங்கள் கண்டுகொண்ட வழி, நாளின் பெரும்பகுதி நீரைக் காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில் குடித்து முடிப்பது. ஆறு மணிக்குப் பிறகு மாத்திரை விழுங்கவும் நாக்கை நனைக்கவும் மட்டும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை தரையோடு எரியும் சிறு விளக்கு ஒன்றைப் பொருத்தினோம். சுவரில் கைப்பிடி வைத்தோம். அதன் பிறகு என் கணவர் பகலில் குடிக்கத் தயங்குவதில்லை.

எதைக் குடிப்பது என்பதில் நம் வீட்டுப் பழக்கங்களே பெரும்பாலும் போதும். காலையில் நீராகாரமோ கம்மங்கூழோ, பதினோரு மணிக்கு உப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட நீர்மோர், மதியச் சாப்பாட்டில் ரசம், பிற்பகலில் வெள்ளரிப்பிஞ்சோ நுங்கோ. நீர்மோரில் எவ்வளவு உப்பு என்பதை அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பானகம் அருமையானது, ஆனால் வெல்லம் சேர்வதால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆகாது. இளநீரை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கிறார்கள். ஓர் இளநீரில் சில நூறு மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ சேர்ந்துவிட்டால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடிதான் நம்பகமானது. முழுப் பொட்டலத்தையும் உறையில் சொல்லியிருக்கும் அளவு தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் குவளையில் கலக்கினால் உப்பின் அளவு தவறிவிடும். வாங்கும்போது உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழச்சுவை சேர்த்த அட்டைப்பெட்டிப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை மிகுதி, உப்பு குறைவு.

நீர் போதுமா என்பதை அறியச் சிறுநீரின் நிறம் நல்ல அடையாளம். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர்ந்து, எரிச்சலோடு சொட்டுச் சொட்டாகப் போனால் நீர் குறைவு. நீர்ச்சுருக்கு என்று சொல்லிக் கைவைத்தியத்தோடு விட்டுவிடாமல் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இந்த வயதில் அது சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம்.

அடுத்தது வீடு. எங்களுடையது கான்கிரீட் தளம் போட்ட வீடு. பகலெல்லாம் காய்ந்த மேல்தளம், மனிதர்கள் ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில்தான் தன் சூட்டைக் கீழே இறக்கும். அறை வெப்பமானி ஒன்று வாங்கி மாட்டிய பிறகுதான் இது எண்ணாகத் தெரிந்தது: இரவு பத்து மணிக்கு மாடி அறையில் 36 டிகிரி இருக்கும்போது கீழே கிழக்கு அறையில் 33 இருந்தது. அன்றிலிருந்து கோடை முடியும்வரை கீழ் அறையில்தான் படுக்கை. மொட்டை மாடிக்கு வெண்சுண்ணாம்போடு பசை கலந்து இரண்டு பூச்சு அடித்தோம். படுத்தபடி மின்விசிறியைப் போட்டால் கொதிக்கும் காற்று இறங்குவது அதன் பிறகு நன்றாகவே குறைந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் அடிக்க வேண்டும். மாடியேறும் வேலையை முதியவர்கள் செய்யாமல் ஆள் வைத்துச் செய்துகொள்ள வேண்டும்.

சன்னல் விஷயத்தில் எங்கள் தலைமுறைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காற்று வரட்டும் என்று பகல் முழுவதும் திறந்தே வைப்போம். வெளியே 41 டிகிரி இருக்கும்போது வருவது அனல் காற்று. அது உள்ளே இருக்கும் குளிர்ச்சியையும் தின்றுவிடும். காலை எட்டரை மணிக்குச் சன்னல்களைச் சாத்தித் திரையிட்டுவிட்டு, இருட்டிய பிறகு வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறோம். மேற்குச் சன்னலுக்கு வெளியே வெட்டிவேர்த் தட்டி கட்டி, பிற்பகலில் அதன்மேல் தண்ணீர் தெளிக்கிறோம். வேலூரின் பகல் காற்று உலர்ந்தது என்பதால் இது பலன் தருகிறது. சென்னையில் மகள் வீட்டில் இதையே செய்து பார்த்தபோது அறை மேலும் புழுங்கியதே தவிரக் குளிரவில்லை. அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் ஆவியாவதில்லை. அதே காரணத்தால்தான் சென்னையின் 37 டிகிரி வேலூரின் 41 டிகிரியைவிடக் கடுமையாகத் தோன்றுகிறது. ஆகவே ஓர் ஊரில் உதவும் முறையை அப்படியே இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது.

மின்விசிறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறையின் வெப்பம் 40 டிகிரியை நெருங்கிவிட்டால், விசிறி சூடான காற்றைத்தான் உடம்பின்மேல் வீசுகிறது. வியர்வை குறைந்த முதிய உடம்பை அது குளிர்விக்காமல் காய்ச்சிவிடும். கை, கழுத்து, முகம், பாதங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விசிறியின் கீழ் உட்கார்ந்தால் நிலைமை மாறுகிறது. சுரக்காத வியர்வையின் வேலையை அந்த ஈரம் செய்துவிடுகிறது. என் மடியில் எப்போதும் ஒரு ஈரிழைத் துண்டும் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் இருக்கும். குளிர்சாதனம் உள்ளவர்கள் 26, 27 டிகிரியில் வைத்து விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் போதும். மின்கட்டணத்துக்குப் பயந்து அதை அணைத்தே வைத்திருக்கும் பெரியவர்களை நான் அறிவேன்; உச்ச வெயில் மணிகளில் இரண்டு மூன்று மணி நேரம் குளிர்ந்த அறையில் இருப்பதே உடம்புக்குப் பெரிய இளைப்பாறல் என்பதால், அந்தச் செலவைப் பிள்ளைகள் முன்வந்து ஏற்றுக்கொள்வது நல்லது.

மாடித் தொட்டித் தண்ணீர் பிற்பகலில் கொதிக்கும். குழாயைத் திறந்து அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டால் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாக இருக்கும். விடியற்காலையில் குளியலறையில் ஓர் அண்டாவும் இரண்டு வாளியும் நிரப்பி மூடிவைத்துவிட்டால், மாலைக் குளியலுக்கு இதமான நீர் இருக்கும். ஐஸ் தண்ணீரில் குளிப்பது தேவையற்றது. திடீர்க் குளிர் இதயத்துக்கு நல்லதன்று. குளித்துவிட்டு எழும்போது சுவரைப் பிடித்து மெல்ல எழ வேண்டும், ஏனென்றால் கோடையில் இரத்த நாளங்கள் விரிந்திருப்பதால் அழுத்தம் சட்டென்று இறங்கிக் கண் இருட்டும்.

சமையலறையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வீட்டிலேயே மிகச் சூடான அறை அது. அங்கே நிற்பவர்களோ பெரும்பாலும் வயதான பெண்கள். காலை எட்டு மணிக்குள் சாதம், குழம்பு, காய் எல்லாவற்றையும் முடித்து அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்று நான் எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன். நறுக்கும் வேலையைக் கூடத்தில் விசிறியின் கீழ் உட்கார்ந்து செய்கிறேன். மாலையில் விருந்தினர் வந்தால் மோர் கொடுக்கிறேன், வடை சுடுவதில்லை. இதைச் சொல்லத் தொடக்கத்தில் மனம் சங்கடப்பட்டாலும், வருகிறவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

வெளியே போவதைப் பொறுத்தவரை காலை பத்து மணி முதல் மாலை நான்கரை வரை வாசற்படி தாண்டுவதில்லை என்பதே எங்கள் ஏற்பாடு. ஆனால் கோடைதான் இங்கே திருவிழாக் காலம், முகூர்த்தக் காலம். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போகாமல் இருக்க எங்கள் பக்கத்துப் பெரியவர்களால் முடியாது. அன்றைய நெரிசலும் வெயிலும் சாதாரணமானவை அல்ல. போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், நானும் போகிறவள்தான். முந்தைய நாள் மாலையே போய் உறவினர் வீட்டில் தங்கி, விடியற்காலையில் தரிசனம் முடித்து, வெயில் ஏறுமுன் நிழலுக்குத் திரும்பிவிடுகிறோம். வெளிர் நிறப் பருத்திப் புடவை, குடை, உப்பிட்ட மோர் ஒரு பாட்டில், கூட இளையவர் ஒருவர். இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கைப்பையில் வெறுமனே வைத்துக்கொண்டு அலையக் கூடாது. ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலயத்திலோ குளிர்காப்புப் பையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை இறங்கினாலும் வியர்க்கும், படபடக்கும், தள்ளாடும் என்பதால், வெயில் மயக்கம் என்று முடிவு கட்டுமுன் அளவைச் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் அம்மாள் ஒருவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். கோடை முழுவதும் காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அவரை அழைத்துப் பேசுகிறேன். "சாப்பிட்டீர்களா அக்கா? மோர் குடித்தீர்களா? இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்பேன். கடைசிக் கேள்வி அவருடைய தெளிவைப் பார்ப்பதற்கு. "டீச்சர் இன்னும் பரீட்சை வைப்பதை விடவில்லை" என்பார். பதில் சரியாக வரும். வெயிலால் வரும் இறப்புகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட மூடிய வீடுகளுக்குள்தான் நிகழ்கின்றன, மாரடைப்பு என்றோ வயோதிகம் என்றோ எழுதப்படுகின்றன. 2010 மே மாதத்தில் அகமதாபாதில் வீசிய வெப்ப அலையின்போது, வழக்கமாக அந்த மாதத்தில் நிகழ்வதைவிட 1,344 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்ததாகப் பிறகு கணக்கிட்டார்கள். அதன் பிறகே அந்த நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. தமிழ்நாடு அரசும் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அறிவிப்பு நல்லதே, ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முதியவரின் குரலைக் கேட்பதற்குப் பக்கத்து வீட்டில்தான் ஆள் இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

எந்த நிலையில் காத்திருக்கக் கூடாது என்பதை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, மிகுந்த வியர்வை ஆகியவை முதல் கட்டம். நிழலுக்கு வந்து படுத்து, ஆடையைத் தளர்த்தி, உப்பிட்ட நீரை மெல்லக் குடித்தால் பெரும்பாலும் அரைமணி நேரத்தில் சரியாகும். பேச்சுக் குழறுவது, பொருத்தமில்லாமல் பேசுவது, எரிந்து விழுவது, உடம்பு நெருப்பாகச் சுடுவது, வலிப்பு, நினைவிழப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தால் அது வெப்பத் தாக்கு, உயிராபத்து. 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா இருக்காமல் உடம்பு முழுவதையும் நனைத்து விசிற வேண்டும்; அக்குள், கழுத்து, தொடையிடுக்கில் ஈரத்துணி வைக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது. தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத் தாக்கு என்று நினைப்பதும் சரியன்று. வியர்த்துக்கொண்டிருக்கும்போதே அது வரலாம்.

கத்திரி முடிந்த மறுநாளே வெயில் தணிந்துவிடுவதில்லை. ஜூன் மாதம் பாதிவரை எங்கள் ஊரில் வெப்பம் நீடிக்கும். பிறகு மாலை மழைகள் தொடங்கி இரவுகள் குளிரும்போது இரத்த அழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கும். கோடைக்காக மருத்துவர் குறைத்துக் கொடுத்த மாத்திரையையே அப்போதும் தொடர்ந்துகொண்டிருந்தால் அழுத்தம் கட்டுமீறிப் போகும். ஆகவே ஆனி மாதக் கடைசியில் மீண்டும் ஒரு முறை அழுத்தத்தையும் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றின் அளவுகளையும் பார்த்து, மருந்துச் சீட்டைத் திருத்தி எழுதி வாங்கிக்கொண்டு வருகிறோம்.